பாட்டும் பந்தியும்

லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறிய உவமை ஒரு வீட்டு வாசலில் முடிவடைகிறது. உள்ளே கொழுத்த கன்று அடிக்கப்பட்டு விருந்து நடைபெறுகிறது. இசையும் ஆடலும் ஒலிக்கின்றன. வெளியே மூத்த மகன் நிற்கிறான். இவ்வுவமையை விளக்கும்போது நாம் மனந்திரும்புதலைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறோம். இறைச்சியையும் இசையையும் அலங்காரச் செய்திகளாகக் கருதிக் கடந்து சென்றுவிடுகிறோம். ஆனால் தகப்பன் தன் உள்ளத்து மகிழ்ச்சியை வெளிப்படுத்தத் தேர்ந்துகொண்ட வழிகள் இவ்விரண்டுமே.

இசை கேட்டு மகிழ்தல், கூடி உண்டு மகிழ்தல் ஆகிய இவ்விரண்டும் எளிய மக்களின் வாழ்வில் எவ்வாறு ஒன்றாக வளர்ந்தன, அவற்றைத் திருச்சபை எவ்வாறு ஏற்றது அல்லது தள்ளியது என்பதைச் சற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்காகச் சங்கரன்கோவில் வட்டாரத்தையும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியையும் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். இவ்வளவு தொலைவிலுள்ள இரு நிலங்களை ஒப்பிடுவது பொருந்துமா என்று வாசகர் கேட்கலாம். இரண்டும் பருத்தி நிலங்கள். 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரினால் அங்கிருந்து பருத்தி வருவது தடைப்பட்டபோது, இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின; திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கு என்றுமில்லாத விலை கிடைத்தது. அங்கே அடிமைகளின் கைகள் பறித்த பஞ்சும், இங்கே கூலிகளின் கைகள் பறித்த பஞ்சும் ஒரே ஆலைகளுக்குச் சென்றன. அக்கைகளுக்குரியோர் பாடியதையும் உண்டதையும் நாம் ஒன்றாகப் பார்ப்பதில் தவறில்லை.

1. சங்கரன்கோவில் வட்டாரத்தின் இசையும் விருந்தும்

2019ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்துள்ள சங்கரன்கோவில், சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித் தபசு விழாவாலும் எங்கும் அறியப்பட்ட ஊர். விசைத்தறிகளும் ஆட்டுக்கறி பிரியாணியும் அதற்குப் பிற்காலத்தில் பெயர் தேடித் தந்தன. ஆனால் சுற்றுப்புறக் கிராமங்களின் மகிழ்ச்சியை அறிய விரும்புவோர் பெரிய கோயிலின் வாசலில் நில்லாமல், ஊர்ப்புறத்துச் சிறு தெய்வங்களின் கொடை விழாவைப் பார்க்க வேண்டும்.

கொடையில் இரவு முழுவதும் வில்லுப்பாட்டு நடைபெறும். மணிகள் கட்டிய நீண்ட வில், அதனுடன் இணைத்த குடம், உடுக்கு, தாளம் ஆகியவையே கருவிகள். புலவர் ஓர் அடியைச் சொல்ல, பக்கத்திலிருப்போர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவர்; கதை நகருகையில் ‘ஆமா’ என்று ஆமோதிப்பர். பாடப்படும் கதைகளுள் பல, அநியாயமாய்க் கொலையுண்டு பின் தெய்வமாக்கப்பட்டோரின் கதைகள். முத்துப்பட்டன் கதை போன்றவற்றைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை (1917-1980), இக்கதைகளில் சாதிக் கொடுமைக்கு எதிரான குரல் மறைந்திருப்பதை எடுத்துக்காட்டினார். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் (1928-2022) இவ்வடிவத்தைப் பட்டணத்து மேடைகளுக்கும் வானொலிக்கும் கொண்டுசென்றார்.

கரகாட்டத்துக்கு நையாண்டி மேளம் வேண்டும். நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம் ஆகியவை சேர்ந்த இம்மேளத்தில், உயர்ந்த சபைகளில் ஒலிக்கும் கருவிகளும் தெருவில் ஒலிக்கும் கருவிகளும் ஒன்றாய் அமர்கின்றன. இவற்றுக்கெல்லாம் வெளியே நிறுத்தப்பட்டது தப்பு எனப்படும் பறை. மரவளையத்தில் இழுத்துக் கட்டிய தோலை வைக்கோல் தீயில் காய்ச்சி முறுக்கேற்றிய பின்னரே அது பேசும். சாவு வீட்டில் கட்டாயப் பணியாக அடிக்கப்பட்டதால் அதை இழிந்ததென்றனர். அதை அடித்தவரையும் அவ்வாறே எண்ணினர். சாவு வீட்டில் எழும் ஒப்பாரியும் இவ்வகையினதே. ஒப்பாரி பாடும் பெண் இறந்தவருக்காக மட்டும் அழுவதில்லை. பிறந்த வீட்டு வறுமையையும் புகுந்த வீட்டுக் கொடுமையையும் சேர்த்துப் பாடுகிறாள். வேறெங்கும் சொல்ல இயலாததை அங்கே அவள் சொல்லலாம், யாரும் தடுப்பதில்லை.

கொடையின் மறுநாள் கிடா வெட்டிக் கறிச்சோறு. ஆண்டு முழுவதும் கூழும் கஞ்சியும் குடித்தோருக்கு இறைச்சி கிடைத்த நாள் அதுவே. ஆகவே இவ்வட்டாரத்து ஏழை மக்களின் நினைவில் மேளச்சத்தமும் கறிக்குழம்பின் மணமும் பிரியாதவை.

திருநெல்வேலித் திருச்சபை கொடையை விட்டது, விருந்தை விடவில்லை. அதற்கு அசனம் என்று பெயரிட்டது. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையிலும் ஸ்தோத்திரப் பண்டிகையிலும் சபையார் அரிசியும் ஆடும் காய்கறியும் படைக்கின்றனர். முந்தின இரவு ஆண்கள் கூடிக் காய் நறுக்கி, பெரிய அண்டாக்களில் விடியுமட்டும் சமைக்கின்றனர். பிற சமயத்தாரும் வந்து உண்கின்றனர். ஒரே அண்டாவிலிருந்து ஊரெல்லாம் உண்ணும் இவ்வழக்கம் நம் சபைகளின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

2. புளூஸ்: துயரத்தைச் சொல்லும் மகிழ்ச்சி

இனி அமெரிக்கத் தென்பகுதிக்குச் செல்வோம். 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. எனினும் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பழைய எசமானரின் நிலத்திலேயே வாரத்துக்குப் பயிரிட்டு, கணக்குப் புத்தகத்தில் தீராத கடனோடு வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இச்சூழலில் உருவானதே புளூஸ் இசை. மிசிசிப்பி மாநிலத்து டெல்டாவின் பருத்திக் காடுகள் அதன் முதன்மையான தாயகங்களுள் ஒன்று. 1903ஆம் ஆண்டளவில் டட்வைலர் என்னும் சிற்றூரின் ரயில் நிலையத்தில், கந்தலாடை உடுத்த ஒருவர் கிதாரின் தந்திமீது கத்தியை அழுத்தி இழைத்துப் பாடியதைத் தாம் கேட்டதாக டபிள்யூ. சி. ஹாண்டி என்னும் இசையறிஞர் பிற்காலத்தில் எழுதினார். 1920இல் மேமி ஸ்மித் என்னும் பாடகி பாடி வெளிவந்த இசைத்தட்டு, இவ்விசை நாடெங்கும் பரவ வழி திறந்தது.

இதன் அமைப்பு எளியது. பெரும்பாலும் பன்னிரண்டு தாள அளவுகளுக்குள் மூன்று அடிகள் அமைகின்றன. முதல் அடியில் பாடகர் தம் நிலையைச் சொல்கிறார். அதையே மீண்டும் சொல்கிறார். மூன்றாம் அடியில் பதில் வருகிறது. ஒவ்வோர் அடிக்கும் பின் கிதார் மறுமொழி கூறும் இடைவெளி உண்டு. சில சுரங்கள் சற்றே தாழ்த்திப் பாடப்படுவதால் குரலில் ஒரு விம்மல் பிறக்கிறது. வில்லுப்பாட்டில் ‘ஆமா’ என்னும் ஒலியைக் கேட்டுப் பழகியவருக்கும், ஒப்பாரியின் இழுவையை அறிந்தவருக்கும் இது முற்றிலும் அயலானதன்று. ஒன்று மற்றொன்றிலிருந்து வந்ததென்று நான் கூறவில்லை. அடக்கப்பட்டோர் வெவ்வேறு நிலங்களில் ஒத்த வழிகளைக் கண்டுகொண்டனர் என்றே கூறுகிறேன்.

புளூஸை நேரில் கேட்போர் ஒன்றைக் கவனிக்கலாம். சொற்கள் துயரத்தைச் சொல்கின்றன. கேட்போரோ சிரிக்கின்றனர், கைதட்டுகின்றனர், ஆடுகின்றனர். இது முரண்பாடன்று. என் துயரம் எனக்கு மட்டும் உரியதன்று என்று அறியும்போது உண்டாகும் விடுதலையே அம்மகிழ்ச்சி. ஆகவேதான் இசைத்தட்டில் கேட்பதைவிட நேரில் கூடிக் கேட்பதே அதன் முழுப் பயனைத் தருகிறது. கேட்போரின் மறுமொழி இன்றி அப்பாட்டு நிறைவடைவதில்லை.

ஆனால் கறுப்பினத் திருச்சபைகளுள் பல இதைப் பிசாசின் இசையென்று ஒதுக்கின. ஞாயிறு காலை ஆலயம், சனி இரவு மதுச்சாலை. இவ்விரண்டும் ஒன்றையொன்று பாராதிருக்க வேண்டும் என்று எண்ணப்பட்டது. தாமஸ் டார்சி (1899-1993) ‘ஜார்ஜியா டாம்’ என்னும் பெயரில் புளூஸ் பாடிப் புகழ்பெற்றவர். அவர் நற்செய்திப் பாடல்களைப் புளூஸின் சாயலில் இயற்றியபோது ஆயர்கள் பலர் ஏற்க மறுத்தனர். 1932இல் அவர் மனைவி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் இறந்தது. அத்துயரத்தில் அவர் இயற்றிய பாடல், ஆண்டவரின் கையைப் பற்றிக்கொள்ள வேண்டும் ஒருவரின் விண்ணப்பம். 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அடக்க ஆராதனையில் மஹாலியா ஜாக்சன் பாடியதும் அதுவே. தள்ளப்பட்ட இசையே திருச்சபையின் மிக ஆழமான மன்றாட்டைத் தாங்கிற்று. 1972இல் வெளிவந்த தம் நூலில் ஜேம்ஸ் கோன் (1938-2018), ஆலயப் பாடலும் புளூஸும் ஒரே மக்களின் ஒரே அனுபவத்திலிருந்து எழுந்தவை என்றும், புளூஸிலும் இறையியல் உண்டென்றும் நிலைநாட்டினார்.

3. தீயின்மீது பொறுமை: தென்பகுதியின் பார்பிக்யூ

அவ்விசை ஒலித்த இடங்களில் இறைச்சி சுடும் புகையும் எழுந்தது. பார்பிக்யூ என்னும் சொல், கரிபியன் தீவுகளின் தாயினோ மக்கள் தீயின்மீது அமைத்த மரச்சட்டத்தைக் குறித்த சொல்லிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது. தரையில் குழி வெட்டி, வலிய மரங்களை எரித்துக் கங்காக்கி, அதன்மேல் இறைச்சியை வைத்து மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வாட்டுவதே முறை. முழுப் பன்றியாயின் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். விலா, தோள், மார்பு போன்ற கடினமான பகுதிகளிலுள்ள தசைநார் நெடுநேரச் சூட்டில்தான் இளகி மென்மையாகிறது. உயர்ந்த பகுதிகள் எசமானரின் மேசைக்குச் சென்றன. எஞ்சியதைச் சுவையாக்கும் கலையைத் தீயருகே நின்ற அடிமைகள் வளர்த்தனர். பண்ணையாரின் பெருவிருந்துகளிலும் குழி வெட்டியதும் இரவு விழித்ததும் அவர்களே. டெக்சாஸ் மாநிலத்தில் 1865 ஜூன் 19ஆம் நாள் விடுதலை அறிவிக்கப்பட்டதை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தபோது, அவர்கள் தங்களுக்கென்று தீ மூட்டி இறைச்சி சுட்டு உண்டனர்.

நம் நாட்டில் குழம்பு ஊருக்கு ஊர் வேறுபடுவதுபோல் இதுவும் வேறுபடுகிறது. வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் முழுப் பன்றியை வாட்டி, காடியும் மிளகாயும் மட்டும் சேர்ப்பர்; மேற்குப் பகுதியில் தோள்பகுதியை மட்டும் எடுத்துக் காடியோடு சிறிது தக்காளியும் சேர்ப்பர். தென் கரோலினாவில் கடுகுச் சாறு சிறப்பு. ஜெர்மானியக் குடியேறிகள் விட்டுச்சென்ற பழக்கம் என்பர். மெம்பிஸ் நகரில் விலாவின்மேல் மசாலாப் பொடியைத் தேய்த்துச் சாறின்றியும் பரிமாறுவர். டெக்சாஸின் நடுப்பகுதியில் மாட்டின் மார்புக் கறிக்கு உப்பும் மிளகும் போதும்; கருவாலி மரப் புகையே அதன் சுவை. கென்டக்கி மாநிலத்து ஓவன்ஸ்பரோ நகரிலோ ஆட்டுக்கறியே முதன்மை. அங்கே கத்தோலிக்கப் பங்குகள் ஆண்டு விழாவில் குழிகள் அமைத்து, பங்கு மக்களே சமைத்து, வருவோர்க்கெல்லாம் ஆட்டுக்கறி வழங்குகின்றன. நம் அசனத்தைக் கண்டோர் அதை எளிதில் இனங்கண்டுகொள்வர்.

4. சுவையை ஏற்றுச் சமைத்தவரைத் தள்ளுதல்

இவ்விடத்தில் நாம் நின்று ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் நகரில் ‘ஆலீஸ் பார்பிக்யூ’ என்னும் உணவகம் இருந்தது. அதன் பணியாளருள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஆனால் கறுப்பின மக்கள் உள்ளே அமர்ந்து உண்ண இயலாது. பொட்டலமாய் வாங்கிச் செல்லலாம். அவ்வழக்கம் சட்டவிரோதமென்று 1964 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தென் கரோலினாவிலும் இத்தகைய உணவகங்கள்மீது வழக்கு நடந்தது. இனங்கள் கலப்பது கடவுளின் சித்தத்துக்கு விரோதமென்று அவற்றின் உரிமையாளர் வாதிட்டார். ஒரு கறுப்பின ஆயரின் மனைவி தொடுத்த அவ்வழக்கில், அவ்வாதம் சற்றும் பொருட்படுத்தத் தக்கதன்று என்று 1968இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. கறுப்பினக் கைகள் வளர்த்த கலையை விரும்பி உண்டவர்கள், அக்கைகளுக்குரியோரோடு உண்ண மறுத்தனர். அதற்குக் கடவுளின் பெயரையும் துணைக்கழைத்தனர்.

நம் வரலாறும் இதனின்று விலகியதன்று. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் ஐயர், தம் பள்ளி மாணவர் சாதி பாராது ஒன்றாக உண்ண வேண்டுமென்று வற்புறுத்தி எதிர்ப்பைச் சந்தித்தார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனே முற்றாக ஒழிய வேண்டுமென்று சுற்றுமடல் எழுதினார். தஞ்சைச் சபையார் பலர் பிரிந்து சென்றனர். குறவஞ்சி, நொண்டி நாடகம் முதலிய மக்கள் வடிவங்களில் கிறிஸ்துவைப் பாடிய, திருநெல்வேலி தந்த பெருங்கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் (1774-1864) மிஷனரிமாரின் இம்முயற்சியை எதிர்த்து எழுதியவர்களுள் ஒருவர். இதை அவரைப் பழிப்பதற்காகக் கூறவில்லை. அவர் பாடல்களை இன்றும் நன்றியோடு பாடுகிறோம். மக்களின் மெட்டை ஏற்பது எளிது, மக்களோடு ஒரே பந்தியில் அமர்வது கடினம் என்பதற்கு இது சான்று. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை நம் காலம்வரை நீடித்தது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமச் சபை ஒன்றின் பண்டிகைக்கு அழைக்கப்பட்டிருந்தேன். பவனிக்கு மேளக்காரர் வந்திருந்தனர். ஆலய வாசல்வரை அவர்கள் அடித்த அடியில் சிறுவர் ஆடினர், நானும் மகிழ்ந்தேன். ஆராதனை முடிந்து அசனத்துக்கு நன்றி செலுத்தி ஜெபித்து, முதற்பந்தியில் அமர்ந்தேன். புறப்படும் வேளையில்தான், மதிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவர்கள் தனியே இலை போட்டு உண்டுகொண்டிருந்ததைக் கண்டேன். உள்ளே வரவில்லையா என்று கேட்டேன். அவர்களுள் மூத்தவர் கோபமின்றிச் சொன்னார்: “சத்தம் உள்ள போயிட்டுய்யா, நாங்கதான் வெளிய நிக்கோம்.” அவர்களை யாரும் தடுக்கவில்லை என்று சபையார் கூறினர். அது உண்மையே. யாரும் அழைக்கவில்லை என்பதும் உண்மை. ஜெபித்த நானும் அழைக்கவில்லை.

5. திருமறையின் வெளிச்சம்

திருமறை உணவையும் இசையையும் வெறுப்பதில்லை. யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில் அடிமைகளின் விடுதலை இரவில் கட்டளையிடப்பட்டது, நெருப்பில் சுட்ட இறைச்சி. அதனுடன் கசப்பான கீரை. விடுதலையின் விருந்தில் துயரத்தின் சுவையும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். புளூஸும் ஒப்பாரியும் நமக்கு நினைவூட்டுவது இக்கசப்பையே.

137ஆம் சங்கீதத்தில், சிறைப்பிடித்தவர்கள் சிறைப்பட்டோரிடம் ஒரு பாட்டைக் கேட்கின்றனர். பாடினோரின் துயரத்தில் பங்குகொள்ளாமல் பாட்டை மட்டும் கேட்கும் செவி அது. ஆமோஸ் 6:4-6இல் தீர்க்கர் கண்டிப்பதும் ஆட்டுக்குட்டியின் இறைச்சியையோ இசைக்கருவியையோ அன்று; உண்டும் பாடியும் களிக்கையில் யோசேப்பின் அழிவைக் குறித்து வருந்தாத நெஞ்சத்தையே. அந்தியோகியாவில் பேதுரு பந்தியைவிட்டு விலகியபோது, பவுல் அதைப் பழக்கவழக்கப் பிரச்சினையாகக் கருதாமல், நற்செய்தியின் சத்தியத்தை மறுதலிப்பதாகவே கருதினார் (கலா. 2:11-14). கொரிந்துச் சபையில் முந்திக்கொண்டு உண்டவர்களிடமும் அது கர்த்தருடைய பந்தியன்று என்றார் (1 கொரி. 11:20-22). எனவே யார் யாரோடு உண்பது என்பது நம் இறையியலின் ஓரத்தில் நிற்கும் கேள்வியன்று. திருவிருந்தின் நடுவிலேயே நிற்கிறது.

தமிழ்நாட்டில் இவ்வுண்மையை இசையாலும் உணவாலும் ஒருங்கே போதித்தவர், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த அருட்திரு தியாபிலஸ் அப்பாவு (1940-2005). ‘பரட்டை’ என்னும் பெயரில் அறியப்பட்ட அவர், வழிபாட்டு முறைமையையே நாட்டுப்புற மெட்டுகளில் அமைத்தார். தள்ளப்பட்ட பறையைப் பலிபீடத்தருகே கொண்டுவந்தார். நாட்டுப்புறப் பாட்டைப் பாடுவோர் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பதாலேயே அது விடுதலையின் கருவி என்றார். அதோடு நில்லாமல், ‘ஒரே உலை’ என்னும் கருத்தை வற்புறுத்தினார். ஒவ்வொருவரும் கொண்டுவந்ததை ஒன்றாக்கிப் பகிர்ந்து உண்பதே திருவிருந்தின் பொருள் என்பது அவர் போதனை. பாட்டை உள்ளே அழைத்து, பாடியவரை வெளியே விடும் தவற்றுக்கு இதுவே மறுமொழி.

6. ஆயர்கள் சிந்தனைக்கு

இவற்றால் நாம் அறிவது யாது? பிறர் இசையைக் கேட்டு மகிழ்வதும் பிறர் சமையலை உண்டு மகிழ்வதும் கடவுள் தந்த நன்மைகள். அயல்நாட்டு புளூஸை விரும்பிக் கேட்கும் மாணவரைக் கண்டிக்க வேண்டியதில்லை. ஆனால் அதை விரும்பும் செவி, தன் ஊர் ஒப்பாரியையும் தப்பையும் இழிவாகக் கருதுமாயின், அம்மாணவர் இசையின் ஓசையை மட்டுமே கேட்டிருக்கிறார்.

மூன்று காரியங்களை நாம் உடனே செய்யலாம். முதலாவது, பண்டிகைக்கு மேளக்காரரை அழைக்கும் சபை, அவர்களுக்குரிய ஊதியத்தைக் குறையாது கொடுத்து, அசனத்தின் முதற்பந்தியில் ஆயரோடு அமர்த்த வேண்டும். இரண்டாவது, மாணவர் தம் பணித்தளத்துப் பாடகரிடம் பாடல்களைக் கேட்டு எழுதும்போது, பாடியவரின் பெயரையும் இசைவையும் பெற்றே பயன்படுத்த வேண்டும். மூன்றாவது, அசனத்தில் யார் சமைக்கிறார், யார் பரிமாறுகிறார், யார் இலை எடுக்கிறார் என்பதை ஆயர் தாமே கவனிக்க வேண்டும். சபையின் உண்மையான விசுவாச அறிக்கை சில வேளைகளில் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

உவமைக்குத் திரும்புவோம். அங்கே வெளியே நின்றவன் அழைக்கப்பட்டும் உள்ளே வர மனமில்லாதவன். அப்படியிருந்தும் தகப்பன் விருந்தை விட்டு எழுந்து, வாசலைக் கடந்து அவனிடம் சென்றார். நம் பண்டிகைகளில் மதிலுக்கு வெளியே நிற்போரோ வர மனமில்லாதவர்கள் அல்லர், அழைக்கப்படாதவர்கள். அவர்களிடம் செல்ல நாம் அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை. அடுத்த பண்டிகையில் நன்றி ஜெபம் செய்வதற்கு முன், ஆயர் ஒருமுறை வேப்பமரத்தடிவரை சென்று வரட்டும்.